ஞானக்கண்ணும் மூன்று கோடும்

காலை எட்டு மணிக்கே டைல்ஸ் ஆலையின் வாசலில் தொடங்கிய வரிசை தெருமுனை வரை வளைந்துவிட்டது. டைல்ஸ் வாங்க வந்த கூட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். தலைவிதியைத் தெரிந்துகொள்ள வந்த கூட்டம். முடிதிருத்துபவர் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். பள்ளி ஆசிரியை அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். தபால் எழுத்தர் விடுப்புகூட எழுதாமல் வந்திருந்தார். வேலையே போகப்போகிறதாம், விடுப்பு எதற்கு?

ஆலைக்குள், தரம் பார்க்கும் கூடத்தின் நடுவில், பீரோ உயரத்துக்கு ஒரு கறுப்புப் பெட்டி நின்றது. அதன் பெயர் ஞானக்கண். செயற்கை நுண்ணறிவு. அதற்கு இரண்டு அற்புதங்கள் தெரியும். முதலாவது: ஒரு பக்கம் டைலை உள்ளே விட்டால் இரண்டே விநாடியில் பார்த்து, முதல் தரமா, இரண்டாம் தரமா, கழிவா என்று பெண் குரலில் சொல்லிவிடும். இரண்டாவது: பெட்டியின் பக்கவாட்டில் உள்ள கண்ணாடித் தகட்டில் உள்ளங்கையை வைத்தால், இன்னும் எத்தனை நாளில் உங்கள் வேலையை இயந்திரம் பிடுங்கிக்கொள்ளும் என்று சீட்டு அடித்துக் கொடுக்கும். வரிசை இந்த இரண்டாவது அற்புதத்துக்குத்தான்.

முடிதிருத்துபவருக்குப் பதினொரு மாதம் என்று வந்தது. அவர் தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார், அவை ஏற்கெனவே பாதி கழன்றுவிட்டதைப் போல. ஆசிரியைக்கு நான்கு வருடம். தபால் எழுத்தருக்கு "காலம் கடந்துவிட்டது" என்று வந்தது. அவர் அதை மேலதிகாரியின் கடிதத்தைப் போல மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சீட்டு வாங்கியவர்கள் நேராகப் பக்கத்து மேசைக்குப் போனார்கள். அங்கே "வேலைப் பாதுகாப்புப் பயிற்சி"க்குப் பெயர் பதிந்துகொண்டிருந்தார்கள். பயத்தை ஒரு மேசையில் விற்று, மருந்தை அடுத்த மேசையில் விற்பது பழைய வியாபாரம். பெட்டி மட்டும்தான் புதிது.

வியாபாரிக்கு அறுபது கிலோ எடை, அதில் பத்து கிலோ கோட்டு. வெயிலிலும் கழற்றாததால் கூடத்துப் பெண்கள் அவருக்குக் கோட்டுக்காரர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆலோசகர் என்றுதான் முதலாளி சொல்வார். என்ன ஆலோசனை, யாருக்கு ஆலோசனை என்று யாரும் கேட்கவில்லை. வரிசையில் நின்ற ஒரு ஓட்டுநர் மட்டும் கேட்டார்:

"சார், எல்லார் வேலையும் போயிடும்னு சொல்றீங்களே, உங்க வேலை?"

கோட்டுக்காரர் கருணையோடு சிரித்தார். "ஞானக்கண்ணை வழிநடத்த ஒரு மனுஷன் எப்பவும் தேவை தம்பி."

என்ன ஒரு தியாகம்! உலகத்தில் கடைசியாக மிச்சமிருக்கப்போகும் ஒரே வேலையை அவர் தன் தலையில் சுமக்கிறார்.

கூடத்தின் ஓரத்து மேசையிலிருந்து தட்டக்கா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். சூளையிலிருந்து இறங்கும் டைல்களைத் தரம் பார்க்கும் பதினான்கு பெண்களில் அவள்தான் மூத்தவள். அது என்ன வேலை, கண்ணால் பார்ப்பதுதானே என்று கோட்டுக்காரர் முதல் நாளே கேட்டார். கண்ணால் பார்ப்பதுதான். ஆனால் எப்படிப் பார்ப்பது? டைலை நேராக வைத்துப் பார்த்தால் எல்லா டைலும் அழகுதான். குழல்விளக்கைத் தாழ்வாகக் கட்டி, வெளிச்சம் டைலின் மேல் சரிந்து விழும்படி செய்து பார்க்க வேண்டும். அப்போதுதான் ஊசிமுனை அளவு குழிக்கும் ஒரு நிழல் விழும். பளபளப்பில் உள்ள சிறு கொப்புளம் மேடாகத் தெரியும். நிறத்தைப் பார்க்க இரண்டு டைல்களை ஒட்டி வைக்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு டைலை விரல்நுனிகளில் ஏந்தி, மறுகையின் விரல்முட்டியால் ஒரு தட்டு. நல்ல டைல் "டிங்" என்று கிண்ணத்தைப் போலப் பாடும். உள்ளே மயிரிழை விரிசல் இருந்தால் "டொக்" என்று முனகும். கண்ணுக்குத் தெரியாததைக் காது பிடித்துவிடும். இருபது வருடமாகத் தட்டுகிறாள். அவளுக்குத் தட்டக்கா என்ற பெயர் சும்மா வரவில்லை.

தரம் முடிவானதும் டைலின் மூலையில் மெழுகு பென்சிலால் கோடு போடுவார்கள். ஒரு கோடு, முதல் தரம். இரண்டு கோடு, இரண்டாம் தரம். மூன்று கோடு, கழிவு. அடுக்குகிறவர்கள் கோட்டைப் பார்த்துப் பிரித்து அடுக்குவார்கள். அவ்வளவுதான் முறை.

ஒரு மாதத்துக்கு முன்பு கோட்டுக்காரர் வந்ததும் முறை மாறியது. மெழுகு பென்சில்களை வாங்கி வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு பேனா கொடுத்தார். எழுதினால் எதுவும் தெரியாத பேனா. "டைல் அழுக்காகாது. மை ஒரே நாள்ல ஆவியாப் போயிடும். ஆனா அதுக்குள்ள ஞானக்கண் உங்ககிட்டயிருந்து பாடம் கத்துக்கும்" என்றார். வழக்கம்போலக் கோடு போடுங்கள், ஆனால் பிரிக்காமல் எல்லா டைலையும் கலந்தே கிடங்கில் அடுக்குங்கள் என்றார். முப்பது நாள் பாடம். பாடம் முடிந்ததும் பேனாக்களை எண்ணித் திரும்ப வாங்கிக்கொண்டார். மாணவன் தேறிவிட்டானாம், ஆசிரியர்கள் வீட்டுக்குப் போகலாமாம்.

வரும் வெள்ளிக்கிழமையே போகலாமாம். அன்று பக்கத்து ஆலைகளின் முதலாளிகளுக்கு முன்னால் ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும். அதோடு பதினான்கு பெண்களின் பெயர்ப் பட்டியலும் வாசிக்கப்படும்.

"அண்ணி, எனக்கு ஒம்பது வருஷம்னு வந்திருக்கு!" மத்தியானம் தட்டக்காவின் நாத்தனார் சீட்டை ஆட்டிக்கொண்டே ஓடிவந்தாள். கணவனின் தங்கை; அதே மேசையில் எதிர் நாற்காலி. இருவர் கூலியில்தான் வீடு நடக்கிறது. தட்டக்காவின் கணவன் முதுகு பிடித்து ஆறு மாதமாகப் படுக்கையில் இருக்கிறான்.

"காலையில அஞ்சு மாசம்னுதானே வந்துச்சு?"

"அது காலையில. இப்ப சோப்புப் போட்டுக் கைய கழுவிட்டு வெச்சேன்."

"அப்போ குளிச்சிட்டு வந்தா பென்ஷனே குடுக்குமா?"

"உங்களுக்கு எதுலயுமே நம்பிக்கை இல்ல அண்ணி. படிச்சவங்க, கோட்டு போட்டவங்க பொய் சொல்வாங்களா?"

"வெள்ளிக்கிழமை நம்ம பதினாலு பேரையும் வீட்டுக்கு அனுப்பறாங்க. உனக்கு ஒம்பது வருஷம்னு சீட்டு. இதுல எது பொய்?"

நாத்தனார் சீட்டைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், யோசித்தாள். "ஒரு வேளை வேற எங்கயாவது ஒம்பது வருஷம் இருக்கும்போல" என்றாள். நம்புவதென்று முடிவெடுத்த மனம் எந்தக் குழியையும் தானே நிரப்பிக்கொள்ளும். கோட்டுக்காரர்கள் கூலியே இல்லாமல் கோபுரம் கட்டுவது இந்த இலவச வேலையாட்களை வைத்துத்தான்.

புதன்கிழமை வெள்ளோட்டம். கிடங்கிலிருந்து இருநூறு டைல்கள் கொண்டுவரப்பட்டன. சூளையிலிருந்து இறங்கிய புது டைல்களைக் கொடுக்கலாமே என்று தட்டக்கா கேட்டாள். கோட்டுக்காரர் பதறிவிட்டார். "சூடு பட்டா கண்ணு கூசும். ஒரு வாரமாவது ஆறின டைல்தான் வேணும்." பெட்டியைத் திறந்து உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கலாமா என்று கேட்டாள். அதற்கும் பதறினார். "வெளி வெளிச்சம் பட்டா கத்துக்கிட்டது எல்லாம் மறந்துடும்." இயந்திரம் என்று சொல்லிக்கொண்டதற்கு இத்தனை தீட்டு! இந்த வேளையில் தொடாதே, அந்த வெளிச்சத்தில் காட்டாதே, சந்தேகப்படுகிறவர் பக்கத்தில் நிற்காதே. இந்த நிபந்தனைகளை எங்கோ கேட்டதுபோல் இருந்தது அவளுக்கு. பேய் ஓட்டுகிறவர்களும் இதே பட்டியலைத்தான் வைத்திருப்பார்கள்.

டைல்கள் ஒவ்வொன்றாக, பெட்டிக்குள் ஓடும் ரப்பர் பட்டையில் ஊர்ந்து உள்ளே போயின. திரைக்குப் பின்னால் ஊதா வெளிச்சம் மின்னியது. "முதல் தரம். நம்பகத்தன்மை தொண்ணூற்றெட்டு சதவீதம்." "கழிவு. நம்பகத்தன்மை தொண்ணூற்றொன்பது சதவீதம்." வெளியே வந்த டைலைத் தட்டக்கா மீண்டும் பார்த்து, பெட்டி சொன்னது சரியா என்று சொல்ல வேண்டும். நூறு போனது, அத்தனையும் சரி. நூற்றைம்பது போனது, அத்தனையும் சரி. தட்டினால் மட்டுமே தெரியும் விரிசலைக்கூட, ஒரு தட்டும் தட்டாமல், பெட்டி சரியாகச் சொன்னது.

கூட்டம் வாய் பிளந்தது. தட்டக்கா பெட்டியின் பக்கம் திரும்பினாள். காது இல்லாத பெட்டிக்கு "டொக்" எப்படிக் கேட்டது?

இன்னொரு விஷயமும் உறுத்தியது. மூலையில் ஒரே ஒரு ஊசிக்குழி இருந்தால் தட்டக்கா இரண்டாம் தரத்தில்தான் போடுவாள். நாத்தனார் மட்டும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, கண் சொருகும் நேரத்தில், அதை முதல் தரத்தில் விட்டுவிடுவாள். பெட்டியும் அடுத்து வந்த இரண்டு மூன்று டைல்களை அப்படியே விட்டது; பெரிய தவறில்லை என்று அவளும் சரி சொல்லிவிட்டாள். உண்ட மயக்கம் வரும் இயந்திரத்தை அன்றுதான் அவள் முதன்முதலாகப் பார்த்தாள்.

நூற்றெண்பத்தேழாவது டைல். "கழிவு. நம்பகத்தன்மை தொண்ணூற்றொன்பது சதவீதம்."

தட்டக்கா அதை எடுத்தாள். சரிந்த வெளிச்சத்தில் பார்த்தாள். மாசு மருவில்லை. தட்டினாள். டிங். மறுபடி தட்டினாள். டிங். பின்பக்கம் திருப்பினாள். களிமண் ஈரமாக இருந்தபோதே பதிந்துவிட்ட ஒரு கட்டைவிரல் ரேகை தெரிந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவளுடைய டீ டைல்! இந்த ரேகையைப் பார்த்துத்தான் அதைத் தன் மேசைக்கென்று எடுத்து வைத்திருந்தாள். ஒரு மாதமாகக் கொதிக்கக் கொதிக்க டீ தம்ளரை அதன் மேல் வைத்திருக்கிறாள். விரிசல் இருந்திருந்தால் முதல் வாரத்திலேயே இரண்டாகப் போயிருக்கும். யாரோ மேசையைச் சுத்தம் செய்தபோது கிடங்குக்குப் போய்விட்டது போலும்.

"இது நல்ல டைல்" என்றாள்.

கோட்டுக்காரர் ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "பாத்தீங்களா? மனுஷக் கண்ணுக்குத் தெரியாத குறையும் ஞானக்கண்ணுக்குத் தெரியுது! இதுக்காகத்தான் மனுஷங்கள மாத்தணும்னு சொல்றோம்."

கைத்தட்டல் கூரையைப் பிளந்தது. சரியாகச் சொன்னால் அற்புதம். தப்பாகச் சொன்னால் பெரிய அற்புதம். தோற்கவே முடியாத ஆட்டம் இது. தோற்க முடியாத ஆட்டத்தில் ஜெயிக்கிறவர் கெட்டிக்காரர் அல்ல, சீட்டுக்கட்டை முன்னாலேயே அடுக்கி வைத்தவர். முதலாளி டீ டைலைக் கழிவுக் குவியலில் எறியச் சொன்னார். தட்டக்கா அதை எறியாமல் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் பேருந்து நிறுத்தத்துப் பக்கத்துக் கடையில் சோப்பு வாங்க நின்றார்கள். கடைக்காரர் தட்டக்கா கொடுத்த நோட்டை ஒரு சின்ன ஊதா விளக்கின் அடியில் நீட்டினார். வெறுங்கண்ணுக்குத் தெரியாத இழைகள் நோட்டில் பளிச்சென்று எரிந்தன. அது ஒன்றும் மாயமில்லை. நம் கண்ணுக்குப் புலப்படாத ஒளி ஒன்று அந்த விளக்கிலிருந்து வருகிறது. சில மைகள் அந்த ஒளியை வாங்கி, நாம் பார்க்கக்கூடிய ஒளியாகத் திருப்பித் தருகின்றன. கள்ள நோட்டில் அந்த மை இருக்காது, அதனால் எரியாது. எல்லாக் கடையிலும் தினமும் நடக்கும் சங்கதி.

தட்டக்கா ஊதா வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணி, சோப்பு வாங்கியாச்சு. வாங்க."

"இரு." அவள் பையிலிருந்து டீ டைலை எடுத்தாள். "அண்ணே, இத அந்த விளக்குக்கு அடியில காட்டுங்களேன்."

"டைலையா? கள்ள டைலும் வந்துருச்சாம்மா?" கடைக்காரர் சிரித்துக்கொண்டே காட்டினார்.

டைலின் மூலையில் மூன்று கோடுகள் பச்சையாக எரிந்தன.

ஒரே நாளில் ஆவியாகிவிடும் என்ற மை, ஒரு மாதம் கழித்தும், அத்தனை டீக்குப் பிறகும், அப்படியே இருந்தது. தட்டக்காவுக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. பேனா கொடுத்த முதல் நாள், எழுதினால் தெரியவில்லையே, எழுதுகிறதா இல்லையா என்று பார்க்க, கைக்கு எட்டிய டீ டைலில்தான் கிறுக்கிப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்று கோடு, கழிவு.

"ஏய், புரியுதா?" அவள் நாத்தனாரின் பக்கம் திரும்பினாள். "அந்தப் பெட்டிக்கு டைலப் பாக்கவே தெரியாது. நாம போட்ட கோட்ட எண்ணுது. அவ்வளவுதான்! மூணு வரைக்கும் எண்ணத் தெரிஞ்ச பெட்டி!"

"அப்போ விரிசல் எல்லாம் சரியா சொல்லுச்சே?"

"நாம தட்டிப் பாத்துக் கோடு போட்டோம். அது படிச்சுச்சு. நேத்து நான் நின்னு நின்னு சரி சரின்னு சொன்னேனே, யாருக்குச் சரி சொன்னேன்? எனக்கேதான்! நீ தூங்கி வழிஞ்சு விட்டதைக்கூட அது விட்டுச்சு, பாக்கல?"

நாத்தனாருக்கு வேலை போகும் என்றபோதுகூட வராத கோபம் இப்போது வந்தது. "நான் எங்க தூங்கினேன்? கண்ண மூடி யோசிச்சுக்கிட்டிருந்தேன்!" பிறகு மெல்லக் கேட்டாள்: "நம்மள அனுப்பிட்டா கோடு யார் போடுவாங்க?"

அதுதான் கேள்வி. கிடங்கில் கோடு போட்ட டைல்கள் பெட்டியின் வேகத்துக்கு நான்கு நாள்தான் தாங்கும். ஐந்தாம் நாள் பெட்டி ஊமையாகிவிடும். ஐந்தாம் நாள் கோட்டுக்காரர் எங்கே இருப்பார் என்று சொல்ல ஞானக்கண் தேவையில்லை.

"இப்பவே போய் முதலாளிகிட்ட சொல்லிடலாம் அண்ணி."

"சொன்னா, வேலை போற பயத்துல உளர்றேன்னுவார். காட்டணும். அதுக்கு அந்தப் பேனா வேணும். எல்லாத்தையும் எண்ணி வாங்கிட்டானே."

நாத்தனார் திருட்டுமுழி முழித்தாள். இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையிலிருந்து எதையோ உருவினாள். பேனா! "என் பேனா எழுதலன்னு சொல்லி இன்னொண்ணு வாங்கினேன். பழசு பையிலயே தங்கிருச்சு."

"எழுதினாலே தெரியாத பேனா எழுதலன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"அதான் தெரியலயே. தெரியலன்னா எழுதலன்னுதானே அர்த்தம்?"

தட்டக்கா வாழ்க்கையில் முதல்முறையாக நாத்தனாரின் புத்திக்கு நன்றி சொன்னாள்.

வெள்ளிக்கிழமை. முன்வரிசை நாற்காலிகளில் ஐந்து ஆலைகளின் முதலாளிகள். அவர்களுக்குப் பின்னால், சீட்டு வாங்கியவர்களும் வாங்கப்போகிறவர்களும். ஓரத்தில் பதினான்கு பெண்கள், தங்கள் பெயர் வாசிக்கப்படுவதற்காக நிற்க வைக்கப்பட்டிருந்தார்கள். மேசைமேல் பிளாஸ்டிக் உறையில் ஒப்பந்தம். கோட்டுக்காரர் பேசினார். மனித உழைப்பின் யுகம் முடிந்தது என்றார். சோர்வில்லாத, சம்பளம் கேட்காத, டீ குடிக்காத தொழிலாளி வந்துவிட்டான் என்றார். டீ என்றதும் தட்டக்காவுக்குப் புன்னகை வந்தது.

முதலாளி பேனாவைத் திறந்தார்.

"ஐயா, ஒரு நிமிஷம்." தட்டக்கா முன்னால் வந்தாள். "போறதுக்கு முன்னாடி ஒரு ஆசை. ஒரே ஒரு டைல நாங்க குடுக்கறோம். ஞானக்கண் சரியா சொல்லிட்டா, பட்டியல நீங்க படிக்க வேணாம். நானே படிச்சு, நானே கூட்டிட்டுப் போயிடறேன்."

"அதெல்லாம் சரிப்படாது" என்றார் கோட்டுக்காரர். "வேலை போற கோபத்துல இருக்கிறவங்க தொட்டா முடிவு கெட்டுடும்."

"டைல் என்ன பாலா சார், கோபத்துல திரிஞ்சு போக?"

பின்னால் சிரிப்பு எழுந்தது. முடிதிருத்துபவர் கத்தினார்: "விடுங்க சார்! அற்புதம்தானே, இன்னொரு தடவை பாப்போம்!" அற்புதம் பார்க்க வந்த கூட்டம், அற்புதத்தை மறுக்கும் உரிமையைச் சாமியாருக்குக்கூடக் கொடுக்காது. முதலாளி தலையசைத்தார்.

டீ டைல் உள்ளே போனது. "கழிவு. நம்பகத்தன்மை தொண்ணூற்றொன்பது சதவீதம்."

"இது ஒரு மாசமா நான் டீ தம்ளர் வெச்ச டைல். புதன்கிழமையும் இதையேதான் சொல்லுச்சு. ஞாபகம் வெச்சுக்குங்க" என்றாள் தட்டக்கா. பிறகு, கறை துடைப்பதற்காக எப்போதும் மேசையில் கிடக்கும் ஸ்பிரிட் துணியை எடுத்து, டைலை ஒருமுறை துடைத்தாள். அவ்வளவுதான். வேறொன்றும் செய்யவில்லை. மறுபடி உள்ளே விட்டாள்.

ஊதா வெளிச்சம் மின்னியது. பெட்டி மௌனம் சாதித்தது. கடைசியில், "மீண்டும் வைக்கவும்" என்றது. மீண்டும் வைத்தாள். "மீண்டும் வைக்கவும்." உலகத்தையே மாற்ற வந்த அறிவு, துடைத்த டைலைப் பார்த்து, பாடம் படிக்காமல் வந்த பிள்ளையைப் போல முழித்தது.

தட்டக்கா நாத்தனாரிடமிருந்து பேனாவை வாங்கினாள். கோட்டுக்காரரின் முகத்தில் இருந்த நிறம், அந்த மையைப் போலவே, கண்ணுக்குத் தெரியாமல் போனது. அவள் எல்லோரும் பார்க்க டைலின் மூலையில் ஒரு கோடு இழுத்தாள். எதுவும் தெரியவில்லை. உள்ளே விட்டாள்.

"முதல் தரம். நம்பகத்தன்மை தொண்ணூற்றெட்டு சதவீதம்."

"ஒரே டைல். அஞ்சு நிமிஷத்துல கழிவு, ஊமை, முதல் தரம்" என்றாள். "மாறினது டைல் இல்ல. கோடு."

"கத்துக்குது!" என்று கோட்டுக்காரர் பாய்ந்தார். "பாருங்க, தன் தப்ப தானே திருத்திக்கிச்சு! இதுதான் நுண்ணறிவு!"

நம்பமாட்டீர்கள், கூட்டத்தில் பாதித் தலைகள் ஆடின. ஆசிரியை கைகூடத் தட்டினார். மூழ்குகிறவர்கள் பிடித்துக்கொள்ளும் கட்டையை யாராவது உளுத்தது என்று சொன்னால், கோபம் சொன்னவர் மேல்தான் வரும்.

தட்டக்கா வாதாடவில்லை. கழிவுக் குவியலிலிருந்து பாதி உடைந்த டைல் ஒன்றை எடுத்து, பேனாவோடு முதலாளியிடம் நீட்டினாள். "என் கைதானே கோபக் கை? நீங்களே ஒரு கோடு போடுங்க ஐயா."

முதலாளி போட்டார். உடைந்த டைல் உள்ளே போனது. "முதல் தரம். நம்பகத்தன்மை தொண்ணூற்றெட்டு சதவீதம்."

முதலாளி தன் கையில் இருந்த பேனாவைப் பார்த்தார். பிறகு யாரும் சொல்லாமலே, மேசைமேல் இருந்த ஒப்பந்தத்தை எடுத்து, பிளாஸ்டிக் உறையின் மூலையில் மூன்று கோடுகள் இழுத்து, பட்டையில் வைத்தார்.

"கழிவு" என்றது ஞானக்கண், மிக இனிமையான குரலில். "நம்பகத்தன்மை தொண்ணூற்றொன்பது சதவீதம்."

தன்னைப் பற்றி அந்தப் பெட்டி சொன்ன ஒரே உண்மை அதுதான். அதுவும் முதலாளி கோடு போட்டுக் கொடுத்ததால்.

முதலில் சிரித்தது நாத்தனார். அடுத்து முடிதிருத்துபவர். சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னால் போனது. முதலாளி பெட்டியின் மூடியைப் பிடித்து இழுத்தார். உள்ளே ஒரு ஊதாக் குழல்விளக்கு, ஒரு சின்ன கேமரா, ஒரு ஒலிபெருக்கி, சீட்டு அடிக்கும் ஒரு சின்ன இயந்திரம், நிறைய காலி இடம். உள்ளங்கை வைக்கும் கண்ணாடித் தகட்டிலிருந்து ஒரு வயர் உள்ளே வந்தது. வந்து, எதிலும் சேராமல், முடிச்சுப் போட்டுத் தொங்கியது. பதினொரு மாதம், நான்கு வருடம், காலம் கடந்துவிட்டது, எல்லாம் அந்த முடிச்சு சொன்ன ஜோசியம்.

கோட்டுக்காரரைத் தேடினார்கள். கோட்டு மட்டும் நாற்காலியில் இருந்தது. பத்து கிலோவைக் கழற்றிவிட்டால் ஓடுவது சுலபம்தானே.

முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. "உனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமேம்மா?"

"இருபது வருஷமா இதே கூடத்துல உக்காந்து எது நல்லது, எது கழிவுன்னு சொல்லிக்கிட்டுத்தான் ஐயா இருக்கேன். அத நான் சொல்றப்போ கூலி ஜாஸ்தின்னீங்க. அதையே பெட்டி சொன்னப்போ அற்புதம்னீங்க."

முதலாளி பெயர்ப் பட்டியலை நான்காகக் கிழித்தார்.

"நாளைக்கு நெஜமாவே பாக்கத் தெரிஞ்ச மெஷின் வந்துட்டா?" என்று ஆசிரியை கேட்டார். நியாயமான கேள்வி. அன்று கூடத்தில் கேட்கப்பட்ட முதல் நியாயமான கேள்வியாகவும் இருக்கலாம்.

"வரட்டும்மா" என்றாள் தட்டக்கா. "சூளையில இருந்து இறங்கின சூட்டோட, எங்க கை படாத டைல, மூடி தெறந்து வெச்சு, எல்லார் முன்னாடியும் பாக்கட்டும். சரியா சொன்னா பக்கத்துல உக்காத்தி வெச்சுக்கறேன். மூடி வெச்சுக்கிட்டு நம்பச் சொன்னா, அது மெஷின் இல்ல."

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் கூட்டம் கலைந்தபோது, முன்வரிசையில் இருந்த பக்கத்து ஆலை முதலாளி, நாற்காலியில் கிடந்த கோட்டைத் தூசி தட்டி எடுத்து, கையில் மடித்துப் போட்டுக்கொண்டு, ஆலையின் பின்வாசல் பக்கம் வேகமாக நடந்தார். "சார்! சார்! நில்லுங்க! எங்க ஃபாக்டரில யாரும் டைல் மேல டீ வைக்க மாட்டாங்க!" என்று கூப்பிட்டுக்கொண்டே போனார். தபால் எழுத்தர் வாசலில் இன்னும் நின்றிருந்தார். பயிற்சி வகுப்பு என்றைக்குத் தொடங்கும் என்று காவலாளியிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

ஆகவே, அந்தப் பெட்டி உங்கள் தெருவுக்கும் வரும். வேறு பெயரில், வேறு கோட்டில், இன்னும் இனிமையான குரலில். ஒரு ஸ்பிரிட் துணியைக் கையில் வைத்திருங்கள். துணி கிடைக்காவிட்டால் மூளையைப் பயன்படுத்துங்கள். அதற்கு மாற்று இயந்திரம் இன்னும் வரவில்லை. பலர் அதைப் பிரித்துப் பார்க்காமல் புதிதாகவே வைத்திருப்பதால், தேய்ந்திருக்கவும் வாய்ப்பில்லை.